கொல்லிமலையில் காலநிலை சொல்லும் வேலை

கொல்லிமலையில் காலநிலை மாற்றத்தைப் பற்றிய குழப்பம் ஒரு சொல்லில் தொடங்குகிறது. அந்தச் சொல் ‘கிளைமேட்’. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி செம்மேட்டில் வந்து இறங்கும் பயணி முதலில் சொல்வது, ‘கிளைமேட் சூப்பரா இருக்கு’ என்பதுதான். அவர் குறிப்பது அன்றைய குளிரையும் அன்றைய மூடுபனியையும். பல பத்தாண்டுகளின் சராசரிக்குப் பெயராக இருந்த ஆங்கிலச் சொல், தமிழ்ப் பேச்சில் இன்று மாலைக்குப் பெயராகிவிட்டது. இதே மலையில் உழவர்களுக்கு வானிலை அறிவிப்பைக் கொண்டுசேர்க்கும் களப்பணியாளர் ‘கிளைமேட் மாறுது’ என்று சொன்னால், கேட்பவர் காதில் ‘இன்று வெயில், நாளை மழை’ என்றே விழுகிறது. அது எப்போதும் நடப்பதுதானே என்று அவர் நினைப்பதில் தவறு ஏதுமில்லை.

எழுத்துத் தமிழும் இதைத் தெளிவாக்கவில்லை. வானிலை, காலநிலை, பருவநிலை, தட்பவெப்பநிலை ஆகிய நான்கு சொற்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புழங்குகின்றன. தமிழக நாளிதழ்கள் நெடுங்காலம் ‘பருவநிலை மாற்றம்’ என்று எழுதின. 2022 டிசம்பரில் மாநில அரசு தொடங்கியதோ ‘காலநிலை மாற்ற இயக்கம்’. இலங்கைச் செய்திகளில் ‘சீரற்ற காலநிலை’ என்றால் அன்றைய புயலும் மழையும். உழவருக்குப் பருவம் என்பது ஆண்டில் சில முறை மாறுவது, மாறியே ஆகவேண்டியது. எனவே ‘பருவநிலை மாறுகிறது’ என்ற வாசகத்தை அவர் எச்சரிக்கையாகக் கேட்க வழியே இல்லை.

இந்த வேலையில் சில ஆண்டுகள் நின்றவர்கள் கலைச்சொற்களை ஒதுக்கிவிட்டு வேறு விதமாகப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். நேற்று பெய்த ஓர் உழவு மழை வானிலை. வைகாசியில் மழை வரும் என்று நம்பி, சித்திரையிலேயே நிலத்தைப் புழுதி ஓட்டி வைத்து, விதைச் சாமையை எடுத்துக் காயவைத்தாரே தாத்தா, அவர் எதை நம்பினாரோ அது காலநிலை. ஒரு வருடம் வைகாசி மழை தவறுவது வானிலையின் குணம். சில பத்து வருடங்களை அடுக்கிப் பார்க்கும்போது வைகாசியை நம்பி விதைக்கவே முடியாது என்று ஆகிவிட்டால், மாறியது காலநிலை. இப்படிச் சொன்னபின் விளங்காதவரைக் காண்பது அரிது. பட்டம் பார்த்து விதைக்கும் மக்களுக்குச் சராசரி என்பது புதிய கருத்தில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட பெயர்தான் அந்நியம்.

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்த மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் இங்கே பயன் தரும். ஒரு காலத்தில் மேட்டு நிலமெங்கும் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்தன. 1970களிலிருந்து மரவள்ளி ஏறி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. கிழங்குக்குக் கைமேல் காசு கிடைத்தது. பிறகு மிளகு, காப்பி, அவற்றுக்கு நிழலாகவும் கொடி ஏறும் தூணாகவும் சில்வர் ஓக். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையின் சிறுதானிய வகைகளைப் பதிவு செய்தும் பாதுகாத்தும் வருகிறது.

காலநிலையைப் பேசும் கட்டுரையில் பயிர் வரலாறு எதற்கு என்று தோன்றலாம். குழப்பத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது. ‘எங்க அப்பா காலத்து மழை இப்ப இல்லை’ என்று மலையில் ஒருவர் சொல்லும்போது, பல உண்மைகள் ஒன்றாய்க் கலந்து வருகின்றன. அப்பா காலத்தில் நிலத்தில் இருந்தது சில மாதங்களில் அறுத்து முடிக்கும் சாமை. இப்போது இருப்பது பத்து மாதமோ அதற்கு மேலுமோ நிற்கும் மரவள்ளி. பயிர் நிற்கும் நாள் நீண்டால், அது சந்திக்கும் வறண்ட நாள்களும் கூடும். அப்பா காலத்தில் ஊற்று இருந்தது. இப்போது ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. கிழங்கு பிடுங்கிய சரிவில் மண் கரைந்து, பெய்த மழை தங்காமல் ஓடுகிறது. மழை குறையாமலே நிலம் வறண்டுபோக இத்தனை வழிகள் உண்டு. இவற்றோடு சேர்த்து, புவி வெப்பமும் தன் பங்குக்கு மழையின் போக்கைக் கலைக்கிறது. வேலை தெரிந்தவர் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக் காட்ட முயல்கிறார். எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது எளிது, கேட்கவும் நன்றாயிருக்கும். ஆனால் ஊற்று வற்றியதற்கு உலகம்தான் காரணம் என்று சொல்லிவிட்டால், ஊற்றின் மேற்புறம் வெட்டப்பட்ட மரங்களைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லாமல் போகிறது. அதுவும் ஒரு தவறான தகவல்தான், நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும்.

பிரித்துப் பார்க்க உதவும் ஒரே கருவி கணக்கு. மழைமானி என்பது மிக எளிய பொருள்: வாய் அளவு தெரிந்த ஒரு புனல், கீழே ஒரு சேகரிப்புக் கலம், அளந்து பார்க்க ஒரு கண்ணாடிக் குவளை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். இந்தியா முழுவதும் அளவெடுக்கும் நேரம் காலை 8.30. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு கொட்டிய மழை, புதன்கிழமைக் காலையில் அளக்கப்பட்டு, புதன்கிழமைக் கணக்கில் எழுதப்படுகிறது. ‘புதன்கிழமை ஒரு சொட்டுகூட இல்லை, பேப்பர்ல மழைன்னு போட்டிருக்கான்’ என்ற கோபம் ஊருக்கு ஊர் எழுவதற்கு இதுவே காரணம். பொய்யென்று தோன்றியது தேதி எழுதும் முறை மட்டுமே என்று ஒருமுறை குவளையைக் கையில் கொடுத்து விளக்கினால், அந்தக் கோபம் மறுபடி வருவதில்லை.

நினைவும் மழையை அளக்கிறது, ஆனால் வேறு அலகில். வெள்ளத்தையும் பஞ்சத்தையும் அது பெரிதாகக் காட்டும். நடுத்தர வருடங்களை மறந்துவிடும். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. அந்த வருடத்தை மலையிலும் யாரும் மறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வந்த சாதாரண வருடங்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதனால்தான் குறிப்பேடு வேண்டியிருக்கிறது. ஒரு வருடக் குறிப்பேடு எதையும் நிரூபிக்காது, ஐந்து வருடமும் போதாது. உலக வானிலை அமைப்பு காலநிலைச் சராசரிக்கு 30 ஆண்டுகளை அளவாக வைத்திருக்கிறது. அவ்வளவு நாள் விடாமல் காலை 8.30க்கு மானியைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி.

அடுத்த குழப்பம் முன்னறிவிப்பின் மொழியில் இருக்கிறது. ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்பதைத் தப்பித்துக்கொள்ளும் பேச்சாகவே பலரும் கேட்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கில் அதற்குத் திட்டமான பொருள் உண்டு. ஒரு பகுதியிலுள்ள அளவீட்டு நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவானால் ‘ஓரிரு இடங்கள்’. கால் முதல் அரைப் பங்கு வரை ‘ஒரு சில இடங்கள்’. அரை முதல் முக்கால் வரை ‘அநேக இடங்கள்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. கனமழை என்பதும் உணர்வைச் சொல்வதில்லை. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. தொட்டால் கனமழை, 11.5 செ.மீ. தாண்டினால் மிகக் கனமழை, 20.4 செ.மீ. தாண்டினால் அதிகனமழை. இந்த அளவுகோலை அறிவிப்போடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. மலையில் ஒரு முகட்டில் கொட்டும், அடுத்த முகட்டில் வெயில் காயும். ‘ஓரிரு இடங்கள்’ என்ற அறிவிப்பு அன்று சரியாகவே பலித்திருக்கும். ஆனால் வெயில் காய்ந்த பக்கத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு பொய்.

மாவட்டக் கணக்கும் மலைக்குப் பொருந்துவதில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் வேளாண் வானிலை அறிக்கை நாளிதழ்களில் முறையாக வெளியாகிறது. நாமக்கல் கோழிப்பண்ணை மாவட்டம் என்பதால், வெப்பத்தில் கோழிகளைக் காப்பது எப்படி என்ற ஆலோசனையும் அதில் இருக்கும். சமவெளிக்கு மிகப் பயனுள்ள அறிக்கை அது. ஆனால் அதிலுள்ள வெப்பநிலை சமவெளியின் வெப்பநிலை. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பதால், கீழே 38 டிகிரி சொன்னால் மலையில் 30 அல்லது 31 இருக்கலாம். மலைக்காரர் இதைப் படித்துவிட்டு, ‘நமக்கு இல்லை’ என்று ஒதுக்கிவிடுகிறார். இதில் ஆபத்தும் இருக்கிறது. வெப்ப அலையை அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி வேண்டும். மலைப்பகுதிக்கு 30 டிகிரியே போதும், இயல்பிலிருந்து 4.5 டிகிரி விலகியிருந்தால். 2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தில் 29 டிகிரி பதிவானபோது அது 1951க்குப் பின் இல்லாத வெப்பம் என்று செய்தி வந்தது. சென்னைவாசிக்கு 29 டிகிரி இதமான நாள். மலைப்பயிருக்கும், அந்தக் காற்றுக்குப் பழகிய முதியவர் உடலுக்கும் அது இதமில்லை.

அந்த ஏப்ரல் இன்னொன்றையும் காட்டியது: கடும் வெப்பம் அக்கினி நட்சத்திரத்துக்காகக் காத்திருப்பதில்லை. வெயிலின் உச்சம் அக்கினி நட்சத்திரத்தில்தான் என்பது தமிழகம் முழுக்க உள்ள நம்பிக்கை. கத்திரி வெயில் தொடங்கும் நாளை வானிலைத் துறையே அறிவிப்பதுபோல் ஆண்டுதோறும் செய்தி வருகிறது. மே 4 வாக்கில் தொடங்கும் அந்தக் காலம் பஞ்சாங்கத்தின் கணக்கு. வானிலைத் துறை அதை வரையறுக்கவில்லை. நீண்ட அனுபவத்தில் பிறந்த கணக்கு என்பதால் அது பெரும்பாலும் பொருந்தியும் வந்திருக்கிறது. மரக்கால் கணக்கில் மழையைச் சொல்லும் பஞ்சாங்கத்தையும், ஈசல் பறப்பதைப் பார்த்து மழை சொல்லும் பாட்டியையும் எதிரியாக்கிக்கொண்ட களப்பணியாளர் யாரும் இம்மலையில் நிலைத்ததில்லை, நிலைக்கவும் வேண்டியதில்லை. பாட்டியின் கணக்கு அடுத்த சில மணி நேரத்துக்கானது. அதில் அவர் கைப்பேசியைவிடப் பல நாள் சரியாக இருப்பார்.

உண்மையான கேடு கைப்பேசியில் வருகிறது. 2015 நவம்பரில் சென்னையில் மழை ஓயாதிருந்தபோது, ‘எல் நினோ புயல்’ ஒன்று வருவதாகவும் 250 செ.மீ. மழை கொட்டப்போவதாக நாசா எச்சரித்திருப்பதாகவும் ஒரு செய்தி பரவியது. நாசா அப்படி எதையும் சொல்லவில்லை. எல் நினோ என்பது புயலும் இல்லை, பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு நீர் இயல்பைவிடச் சூடாவது. குறித்த நாளில் ஒன்றும் நடக்காததால் மக்கள் ஆறுதலடைந்தார்கள். டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டி அடையாறு ஊருக்குள் புகுந்தது. பொய்யான எச்சரிக்கையால் விளையும் தீங்கு அது பரப்பும் பயத்தோடு நிற்பதில்லை. அடுத்து வரும் மெய்யான எச்சரிக்கையைக் கேட்கும் காதையும் அது மந்தமாக்கிவிடுகிறது. 2024 அக்டோபரில் சென்னைக்கு சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அஞ்சிய அளவு மழை அன்று வரவில்லை. அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. எச்சரிக்கை என்பது ஆயத்தமாக இருக்கச் சொல்வது; காரை மேட்டில் ஏற்றியவர்கள் சரியாகவே நடந்துகொண்டார்கள்.

மலையில் ஆண்டுதோறும் ஆனி, ஆடியில் தலைகாட்டும் செய்தி ஒன்று உண்டு. பூமி சூரியனை விட்டு விலகிப்போகிறது, வழக்கமாக 9 கோடி கி.மீ. இருக்கும் தூரம் 15.2 கோடி கி.மீ. ஆகிவிடும், 66 சதவீதம் கூடுதல், ஆகஸ்டு வரை கடுங்குளிர், காய்ச்சல், இருமல் வரும் என்பது அதன் சாரம். கணக்கு தொடக்கத்திலேயே தவறு. சூரியனுக்கும் பூமிக்கும் சராசரித் தூரம் 14.96 கோடி கி.மீ. ஜூலைத் தொடக்கத்தில் அது 15.21 கோடியாகவும், ஜனவரித் தொடக்கத்தில் 14.71 கோடியாகவும் இருக்கும்; வேறுபாடு சுமார் 3 சதவீதம். ஆண்டுதோறும் நடப்பது, மனிதர் தோன்றும் முன்பிருந்தே நடந்துவருவது. 9 கோடி என்பது மைலில் சொன்ன 9.3 கோடியைக் கிலோமீட்டராக எண்ணிக்கொண்ட பிழையாக இருக்க வேண்டும். ஆனால் இந்தச் செய்தி கொல்லிமலையில் ஏன் இவ்வளவு எளிதாக நம்பப்படுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆடியில் இங்கே உண்மையாகவே குளிரும். தென்மேற்குக் காற்றும் சாரலும் மூடுபனியும் சேர்ந்து பகலிலேயே போர்வை தேடவைக்கும். பிள்ளைகளுக்குச் சளியும் பிடிக்கும். உடம்பு உணர்ந்த உண்மைக்கு ஒரு பொய்க் காரணத்தை அந்தச் செய்தி ஒட்டவைக்கிறது. ‘குளிர் பொய்’ என்று மறுக்கப் போனவர் தோற்றுத்தான் திரும்புவார். குளிர் மெய், காரணம் காற்று என்று தொடங்குபவருக்கே பேச இடம் கிடைக்கும். காலநிலையைப் பற்றிய பொய்களில் வலுவானவை எல்லாமே இப்படி ஏதோ ஓர் உண்மையில் வேர் பிடித்தவை.

‘1918இலும் இப்படித்தான் பெய்தது’ என்பது அந்த வகை. சென்னையில் 1918 நவம்பரில் 1,088 மி.மீ. மழை பதிவானது, 2015 நவம்பர்கூட அதை எட்டவில்லை. எண் சரியானது. ‘ஆகவே எதுவும் மாறவில்லை’ என்று அதிலிருந்து பெறும் முடிவு தவறானது. பெருமழை முன்பும் உண்டு. அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, இடையிலுள்ள வறட்சி எவ்வளவு நீள்கிறது என்பதே கேள்வி. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951 முதல் 2015 வரை சுமார் ஒரு டிகிரி சூடாகியிருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி ஏறியது. கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுவதற்கும், விட்டால் வாரக்கணக்கில் விட்டுவிடுவதற்கும் இந்தச் சூடு காரணமாகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அது மட்டுமே காலநிலை மாற்றத்துக்குச் சான்றாகாது. சேர்த்துப் பார்க்க வேண்டிய வரிசையில் அதுவும் ஒன்று.

‘சூரியன்தான் சூடாகிறது’ என்பது படித்தவர்களிடம் கேட்கும் வாதம். அதற்கு விடை தமிழ்நாட்டு மலையொன்றிலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1900களின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. அந்தச் சுழற்சியில் சூரிய ஆற்றல் மாறுவது சுமார் 0.1 சதவீதம்தான். 1980களுக்குப் பின் சூரியன் கூடுதலாகக் காயவில்லை. பூமியோ சூடேறிக்கொண்டே வந்திருக்கிறது. காற்றில் கரியமில வாயு 1800க்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு. இப்போது 420க்கு மேல். அந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது 1850களிலேயே சோதனையில் தெரிந்தது. இது நேற்று முளைத்த கருத்து என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இந்த ஆண்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓசோன் ஓட்டை வழியாகச் சூடு இறங்குகிறது என்பது பள்ளியில் கற்றதைப் பாதி நினைவில் வைத்தவர்கள் சொல்வது. ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. அதைக் கெடுத்த வாயுக்களை 1987 மாண்ட்ரீல் உடன்படிக்கை கட்டுப்படுத்தியது; அந்தப் படலம் மெல்லத் தேறிவருகிறது. புவி வெப்பம் வேறு கதை.

மரத்தைப் பற்றிய நம்பிக்கையை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. மரம் நட்டால் மழை வரும், மரம் நட்டால் காலநிலை மாற்றம் நின்றுவிடும் என்று சுவரெங்கும் எழுதியிருக்கிறது. மரம் ஈரத்தைப் பிடிக்கும், ஊற்றைக் காக்கும், நிழல் தரும், கரியமில வாயுவை ஓரளவு உள்ளிழுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளிவரும் அளவை மரக்கன்றுகளால் ஈடுகட்ட முடியாது. அதோடு, எந்த மரம் என்ற கேள்வி இருக்கிறது. சில்வர் ஓக் வரிசையைக் காட்டி மலை பசுமையாகிவிட்டது என்று சொல்லும்போது, அந்த இடத்தில் இருந்த சோலை கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

காலநிலைக்காகப் பேசுவோர் பக்கத்து மிகைகளும் குறைவில்லை. ஐ.நா. 2023ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், சாமை எந்த வறட்சியிலும் விளையும், எதையும் தாங்கும் என்ற பேச்சு மேடைதோறும் கேட்டது. சாமை குறைந்த நீரில் வரும்; மெலிந்த மண்ணிலும் வரும். ஆனால் கதிர் முற்றும்போது அடைமழை பிடித்தால் மணி உதிரும், முளைக்கும். விதைத்தவருக்கு இது தெரியும். ‘எதையும் தாங்கும்’ என்று கேட்டதும் சொன்னவர் விவசாயி இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு மேடையில் பேசியவர் சொல்லும் உண்மையும் எடுபடாது. மலைமக்கள் சாமையைக் கைவிட்டது அறியாமையால் என்று எழுதுவதும் தவறு. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடித்த வேலை. கிழங்குக்கு அந்த வேலை இல்லை, லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். உமி நீக்கும் இயந்திரங்கள் கிராமங்களுக்கு வந்தபின்புதான் சாமையைப் பற்றிப் பேசுவதற்கே பொருள் உண்டாயிற்று.

‘மேகவெடிப்பு’ என்ற சொல்லும் கையாள்வோரிடம் கெட்டுவிட்டது. ஒரு சிறிய பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. அளவு கொட்டினால்தான் அது மேகவெடிப்பு. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பின் எந்த மலையில் கனமழை பெய்தாலும் அந்தச் சொல் ஒட்டப்படுகிறது. கொண்டை ஊசி வளைவில் மழைநாளில் மண் சரிவதற்குப் பெரும்பாலும் மேகம் வெடிக்க வேண்டியதில்லை. வடிகால் அடைத்திருந்தாலே போதும்.

தவறான செய்தியைத் திருத்துவது எப்படி என்பதில் அனுபவம் கற்பித்தவை சில. முதலில் பார்க்க வேண்டியது தேதி. மலையின் பல மூலைகளில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கிறது; ஒருவர் கீழே இறங்கிப் போய் வரும்போது பழைய செய்திகள் மொத்தமாக வந்து விழும். போன வருடப் புயல் எச்சரிக்கை இன்றைய எச்சரிக்கையாக ஊரைச் சுற்றியதும் உண்டு. எனவே களப்பணியாளர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் நாள், நேரம், யார் சொன்னது, எதுவரை செல்லும் என்ற நான்கும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று வந்தால், அது பல கை மாறி வந்தது, அனுப்பியவர் எழுதியதில்லை என்பதே பொருள். இதை ஒருமுறை காட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பலர் முன்னிலையில் ஒருவரது செய்தியைப் பொய்யென்று சொல்லக்கூடாது. அவர் அக்கறையால் அனுப்பியவர். அவமானப்பட்டால் அடுத்த முறை கேட்காமலே அனுப்புவார். தனியாகப் போய், ‘அண்ணா, இதுல ஒரு கணக்கு இடிக்குது, பாருங்க’ என்றால், திருத்திய செய்தியையும் அவரே குழுவில் போடுவார். முன்னறிவிப்பு தவறிய நாளில் அதை முதலில் சொல்பவர் களப்பணியாளராகவே இருக்க வேண்டும். இதைச் செய்யத் துணிவு வேண்டும். செய்தவர்களின் பேச்சுக்கே பிறகு மதிப்பு இருந்திருக்கிறது.

2019இல் வந்த மேகதூத் செயலி தமிழிலும் வட்டார அளவில் முன்னறிவிப்பு தருகிறது. ஆனால் வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 199ம் 2024இல் மூடப்பட்டன. செயலி எண்ணைச் சொல்லும். அந்த எண் குண்டூர் நாட்டுச் சரிவுக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல ஒரு மனிதர் தேவை.

எல்லாம் பேசி முடித்தபின் மலையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இரண்டு. ஒன்று, ‘நாங்க என்ன புகை விட்டோம் தம்பி?’ நியாயமான கேள்வி. ஓர் இந்தியரின் பங்காக வெளியேறும் கரியமில வாயு ஆண்டுக்குச் சுமார் 2 டன். ஓர் அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். மலைக்குடியின் பங்கு இந்தியச் சராசரியையும் எட்டாது. இதை மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றது, ‘எப்ப பழையபடி மாறும்?’ கிளைமேட் என்றால் அன்றைய வானம் என்று பழகிய ஊரில், மாறியது திரும்பவும் மாறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இதற்கு உண்மையான பதில், இப்போது வாழ்பவர் காலத்தில் மாறாது என்பது. காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே இருக்கும். உலகம் முழுக்கப் புகை நின்றாலும் வெப்பம் ஏறுவதுதான் நிற்கும், சட்டென்று இறங்காது. இந்தப் பதிலைச் சொல்லத் தயங்கி, ‘அடுத்த வருசம் சரியாயிடும் பெரியப்பா’ என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அந்த ஆறுதல், கைப்பேசியில் வரும் பொய்யைவிட அதிகமாக அவரைக் கெடுக்கும். அவர் அடுத்த வருடமும் வைகாசியை நம்பி முழு விதையையும் போட்டுவிடுவார்.

மாறாது என்று கேட்டபின் பெரியவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு விதையைப் பற்றிக் கேட்பார்கள். கொல்லிமலையில் பெருஞ்சாமை நீண்ட நாள் நிற்கும். கட்டவெட்டிச் சாமையும் மல்லியச் சாமையும் அதற்கு முன்னே அறுவடைக்கு வரும். மழை பிந்திய வருடத்தில் முன்னே முடியும் சாமை கைகொடுக்கும், மழை நீண்ட வருடத்தில் பெருஞ்சாமை. எந்த வருடம் எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், இரண்டின் விதையும் வீட்டில் இருக்க வேண்டும்.